கடல் கடந்த விளையாட்டுகள்

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு

எங்கள் ஊர் சீயமங்கலம். செஞ்சிக்கு வடக்கே, தேசூரை அடுத்து உள்ளது. சீயம் என்றால் சிங்கம். முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த தூணாண்டார் குகைக்கோயிலின் தூண்களில் சிங்கங்களைக் காணலாம். நம் வட்டாரத்துக் காடுகளில் சிங்கம் வாழ்ந்ததாகச் செய்தி இல்லை. அதைச் செதுக்கிய சிற்பி உயிருள்ள சிங்கத்தைக் கண்டிருப்பான் என்று தோன்றவில்லை. வடக்கிலிருந்து கதையாகவும் சிலையாகவும் வந்த விலங்குக்குத் தமிழ் நாவு 'சீயம்' என்று பெயர் சூட்டியது. தமிழ் உளி தனக்குத் தெரிந்தவாறு ஒரு முகம் கொடுத்தது. அதே சிங்கம் பௌத்தத்தோடு சீனம் சென்று, கொரியா வழியாக ஜப்பானையும் அடைந்தது. அங்கே கோயில் வாயில்களில் இணையாக அமர்ந்து காவல் காக்கிறது. அதன் பெயர் 'கோமாஇனு'. பொருள் 'கொரிய நாய்'. புறப்பட்ட இடத்தில் சிங்கம். போய்ச் சேர்ந்த இடத்தில் பாதி நாய்!

நம் செஞ்சியை எடுத்துக்கொள்வோம். 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு போரிட்டு மாண்ட இளைஞனின் பெயர் தேஜ் சிங். புந்தேல நாட்டு இராசபுத்திர மரபினன். நம் மக்களின் கதைப்பாட்டில் அவன் 'தேசிங்கு ராஜன்' ஆனான். இன்று தேஜ் சிங் என்றால் திரும்பிப் பார்ப்பவர் சிலரே. தேசிங்கு என்றால் சிறு பிள்ளையும் மலையைக் காட்டும். ஆங்கிலேயரோ இக்கோட்டையைக் 'கிழக்கின் டிராய்' என்றனர். கிரேக்கக் கதையில் வரும் டிராய் அவர்களுக்குத் தெரியும், செஞ்சி தெரியாது. தெரியாததைத் தெரிந்ததன் பெயரால் அழைப்பது மனித இயல்பு.

இந்த இயல்பு இன்று ஒரு பெருந்தொழிலாகவே வளர்ந்துள்ளது. ஒரு நாட்டில் உருவான திரை விளையாட்டை இன்னொரு நாட்டு மக்களுக்கு ஏற்றவாறு மாற்றுவதை 'உள்ளூர்மயமாக்கல்' என்கிறார்கள். சொற்களை மொழிபெயர்ப்பது அதில் ஒரு பகுதியே. பெயர், உணவு, தெய்வம், நகைச்சுவை, சில வேளைகளில் நிறம் கூட மாறும். இக்கலைக்கு மிகுந்த சான்றுகளைத் தருவது ஜப்பான். அச்சான்றுகள் சிலவற்றைப் பார்த்துவிட்டு, நம் வீட்டுக்கே திரும்பி வருவது இக்கட்டுரையின் நோக்கம்.

தம்பியின் கேள்வி

என் தம்பி எட்டாம் வகுப்பு மாணவன். கைப்பேசியில் பழைய மாரியோ விளையாட்டு ஒன்றை ஆடிக்கொண்டிருந்தவன் திடீரென்று, "அண்ணா, இலையைப் பிடிச்சா இவனுக்கு ஏன் வால் முளைக்குது?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. தேடிப் படித்த பிறகே தெரிந்தது.

அது 1988இல் ஜப்பானில் வெளிவந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3'. ஜப்பானியக் காடுகளில் 'தனூகி' என்றொரு விலங்கு உண்டு. நாயும் நரியும் கலந்தாற்போல் இருக்கும். அது தலையில் ஓர் இலையை வைத்துக்கொண்டால் விரும்பிய உருவம் எடுக்கும் என்பது அந்நாட்டுப் பாட்டிமார் சொல்லும் கதை. ஆகவே இலை வந்ததும் வால் முளைப்பது ஜப்பானியக் குழந்தைக்கு வியப்பன்று. 1990இல் அவ்விளையாட்டு அமெரிக்கா சென்றபோது கதை உடன் செல்லவில்லை. அமெரிக்கக் குழந்தைகள் அவ்வாலைத் தம் நாட்டு ரக்கூன் என்னும் விலங்கின் வாலாக எடுத்துக்கொண்டனர். இலை ஏன் என்று கேட்டவர்க்கு விடையில்லை.

அதே விளையாட்டில் தனூகி உடை அணிந்த மாரியோ சிறிது நேரம் கற்சிலையாக நிற்பான். அது ஜப்பானில் வழியோரங்களில் காணப்படும் 'ஜிசோ' சிலை. வழிப்போக்கர்களையும் குழந்தைகளையும் காக்கும் போதிசத்துவர் அவர், வடமொழியில் க்ஷிதிகர்பர். இந்தியப் பெயரோடு புறப்பட்டு, ஜப்பானில் ஜிசோ ஆகி, அமெரிக்காவில் பெயரே இல்லாத வெறும் சிலையாகிவிட்டார்!

இதையெல்லாம் தம்பிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். திண்ணையிலிருந்த ஆயா கேட்டுவிட்டு, "இதுல இன்னாடா அதிசயம்? நம்ம கதையில நரி பரியாவலையா?" என்றார். தம்பிக்கு உடனே புரிந்துவிட்டது. நான் அரை மணி நேரம் பேசியதை ஆயா ஒரே வரியில் முடித்தார். நல்ல உள்ளூர்மயமாக்கல் எப்படி இருக்கும் என்பதை அன்றுதான் கண்டேன்.

பெயர் மாற்றம்

விளையாட்டுகள் கடல் கடக்கையில் முதலில் மாறுவது பெயர். 1980இல் நாம்கோ நிறுவனத்தில் தோரு இவாதானி உருவாக்கிய விளையாட்டில் ஒரு வட்ட வாய் புள்ளிகளை விழுங்கிக்கொண்டே ஓடும். நாம் 'லபக் லபக்' என்பதை ஜப்பானியர் 'பாக்கு பாக்கு' என்பர். அதிலிருந்து 'பக்-மேன்' என்று பெயர் வைத்தனர். ஆங்கில எழுத்தில் அப்பெயரின் முதலெழுத்தைக் குறும்பர் சிறிது சுரண்டினால் தகாத சொல்லாகிவிடும் என்று அஞ்சி, அமெரிக்காவில் 'பாக்-மேன்' ஆக்கினர். உலகம் முழுவதும் அப்பெயரே நிலைத்தது.

1996இல் ஜப்பானில் வெளிவந்த 'போக்கிமான்' விளையாட்டில் தீயை உமிழும் பல்லி ஒன்று உண்டு. அதன் பெயர் 'ஹிடோகாகே'. 'ஹி' என்றால் தீ. 'டோகாகே' என்றால் பல்லி. 1998இல் அமெரிக்காவுக்குச் சென்றபோது அது 'சார்மண்டர்' ஆயிற்று. கருகுதல் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லையும் சாலமண்டர் என்னும் பல்லி போன்ற விலங்கின் பெயரையும் இணைத்து ஆக்கிய சொல் அது. சொல் மாறினாலும் சொல்லைக் கட்டிய முறை மாறவில்லை. இது மொழிபெயர்ப்பாளரின் திறமைக்குச் சான்று. ஆனால் 'பிக்காச்சு'வை மாற்றவில்லை. மின்னலின் 'பிக்கா'வும் எலியின் 'ச்சு'வும் சேர்ந்த அப்பெயர் எந்த நாட்டுக் குழந்தையின் வாயிலும் எளிதாக நுழைந்தது.

நம் திரைப்படத்துக்கும் இது நேர்ந்திருக்கிறது. 1995இல் வெளிவந்த 'முத்து' 1998இல் ஜப்பானில் பெருவெற்றி பெற்றது. அங்கே அதன் பெயர் 'முத்து: ஆடும் மகாராஜா'. படத்தின் பெரும்பகுதியில் முத்து ஒரு வேலைக்காரன். 'ஜமீன்' என்பது ஜப்பானியருக்கு விளங்காது, 'மகாராஜா' விளங்கும். நாம் அவர்களுடைய இலையைப் புரிந்துகொள்ளாதது போலவே அவர்கள் நம் ஜமீனைப் புரிந்துகொள்ளவில்லை. இருந்தும் இரு பக்கமும் மகிழ்ச்சியே!

சோற்றுருண்டையின் கதை

பெயருக்கு அடுத்தது உணவு. போக்கிமான் தொலைக்காட்சித் தொடரில் சிறுவர்கள் 'ஒனிகிரி' என்னும் சோற்றுருண்டையைத் தின்கிறார்கள். முக்கோண வடிவில் வெள்ளைச் சோறு. கடற்பாசித் தாள் சுற்றியிருக்கும். ஆங்கில ஒலிப்பதிவில் அதையே 'ஜெல்லி வைத்த டோநட்' என்று ஒரு பாத்திரம் சொல்லும். கண்ணுக்குத் தெரிவது சோறு. காதில் விழுவது இனிப்புப் பண்டம்! அமெரிக்கக் குழந்தைக்குச் சோற்றுருண்டை தெரியாது என்று நினைத்தார்கள். கண் இருப்பதை மறந்துவிட்டார்கள்.

2001இல் வெளிவந்த ஒரு வழக்கறிஞர் விளையாட்டில் இத்தவறு இன்னும் பெரிதாக வளர்ந்தது. அதன் நாயகன் பெயர் நாருஹோதோ. 'அப்படியா, சரிதான்' என்பது அச்சொல்லின் பொருள். 2005இல் ஆங்கிலத்தில் அவன் 'ஃபீனிக்ஸ் ரைட்' ஆனான். நிகழிடம் லாஸ் ஏஞ்சலஸ் ஆயிற்று. உடனிருக்கும் பெண் விரும்பி உண்ணும் ராமென் நூடுல்ஸ் பர்கராக மாறியது. அப்போது அது எளிதாகத் தோன்றியது. ஆனால் அடுத்தடுத்த பாகங்களில் ஆவியை அழைக்கும் மலைக்கிராமம், ஜப்பானியக் கோயில், நாட்டார் பேய் என்று வந்துகொண்டே இருந்தன. இவையெல்லாம் லாஸ் ஏஞ்சலசில் எப்படி வந்தன? ஜப்பானியர் பெருமளவில் குடியேறிச் செழித்த ஒரு கற்பனைக் கலிஃபோர்னியாவையே மொழிபெயர்ப்பாளர்கள் படைக்க வேண்டியதாயிற்று. ஒரு பொய்யைக் காக்க ஒன்பது பொய் என்று நம் ஊரில் சொல்வது நினைவுக்கு வருகிறது.

மறைத்தலும் மீட்டலும்

மூன்றாவது வகை, மாற்றாமல் அடியோடு நீக்கிவிடுவது. 1980களின் இறுதியில் நிண்டெண்டோவின் அமெரிக்கக் கிளை சிலுவை முதலிய சமயச் சின்னங்களையும் மது, இரத்தம் ஆகியவற்றையும் விளையாட்டுகளிலிருந்து அகற்றிவந்தது. ஒரு குத்துச்சண்டை விளையாட்டில் வோட்கா மதுவின் பெயர் தாங்கிய இரஷ்ய வீரன், 1987இல் வீடுகளுக்கு வந்தபோது சோடாவின் பெயர் தாங்கியவனாகிவிட்டான். நம் நாட்டுக்காகவும் இவ்வாறு நடந்துள்ளது. 2021இல் கொரிய நிறுவனம் ஒன்று இந்தியாவுக்கென வெளியிட்ட துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் குண்டு பட்டால் பச்சை நிறம் தெறித்தது.

இவ்வகையில் எண்ணிப் பார்க்கத்தக்கது 'யாகுசா 3'. 2010இல் இதன் ஆங்கிலப் பதிப்பில் ஷோகி, மாஜாங் முதலிய ஆட்டங்களை வெட்டிவிட்டனர்; வெளிநாட்டார்க்கு விளங்காது என்பது காரணம். ஷோகி என்பது ஜப்பானியச் சதுரங்கம். நம் நாட்டில் தோன்றிய சதுரங்கத்தின் வழிவந்தது. இந்தியாவிலிருந்து மேற்கே சென்ற கிளையில் அமைச்சர் அரசியானார்; யானை ஆங்கிலேயரிடம் சமயகுருவாகவும் பிரெஞ்சுக்காரரிடம் கோமாளியாகவும் மாறியது. கிழக்கே சென்ற கிளை ஷோகியாயிற்று. ஒரே தாயின் பிள்ளைகளில் ஒன்றை இன்னொன்றின் வீட்டார் 'விளங்காது' என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்!

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பத்தாண்டுகளுக்குள் அவ்விளையாட்டைப் புதுப்பித்து வெளியிட்டபோது, வெட்டிய ஷோகியையும் மாஜாங்கையும் திரும்பச் சேர்த்தனர். வெளிநாட்டு ஆட்டக்காரரே ஜப்பானை ஜப்பானாகக் காண விரும்பினர். திரும்பச் சேர்க்க முடிந்ததன் காரணத்தை நாம் கவனிக்க வேண்டும். மூலம் ஜப்பானில் சிதையாமல் இருந்தது. வெளியூர்ப் பதிப்பில் எதை வெட்டினாலும் வீட்டிலுள்ள பதிப்பில் அது பத்திரமாக இருந்தது.

பரமபதம் சென்ற பாதை

இனி நம் வீட்டுக்கு வருவோம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம் ஆடுவது தமிழ்நாட்டு வழக்கம். எங்கள் ஆயா இளமையில் செஞ்சியை அடுத்த சிங்கவரம் அரங்கநாதரைச் சேவித்துவிட்டு வந்து விடியும்வரை ஆடுவாராம். அப்படத்தில் ஏணிகளுக்குப் பக்தி, தானம் என்றும், பாம்புகளுக்குப் பொய், பேராசை என்றும் பெயர்கள் இருக்கும். அசுரர் பெயர்களும் இருக்கும். உச்சியில் வைகுந்தம். தாயம் விழுவது நம் கையில் இல்லை. ஆனால் எந்தச் செயலால் ஏறினோம், எந்தக் குணத்தால் இறங்கினோம் என்பதை வாய்விட்டுப் படித்துக்கொண்டேதான் ஆட வேண்டும். வடநாட்டுச் சமணரிடமும் 84 கட்டங்கள் கொண்ட இத்தகைய ஆட்டம் ஒன்று உண்டு. ஜப்பானிலும் பௌத்தரின் தூய நிலத்தை இறுதிக் கட்டமாகக் கொண்ட 'ஜோதோ சுகொரோகு' என்னும் பகடை ஆட்டம் இருந்தது. நமக்கும் அவர்களுக்கும் இவ்வளவு நெருக்கம்!

பரமபத வகை ஆட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து சென்றது. வைகுந்தம் நீங்கியது. சிக்கனம், உழைப்பு, மனம் வருந்துதல் ஆகியவை ஏணிகளாயின. அடங்காமை, சோம்பல் ஆகியவை பாம்புகளாயின. சோம்பல் என்னும் பாம்பின் வாலில் வறுமை இருந்தது. அது விக்டோரியா காலத்து ஆங்கிலேயரின் அறம். நம் படத்தில் பாம்புகள் மிகுதி, ஏணிகள் குறைவு. வீடுபேறு அரிது என்பது அதன் கருத்து. ஆங்கிலப் படத்தில் இரண்டும் சம எண்ணிக்கையாயின. பிறகு அறச்சொற்களும் உதிர்ந்தன. எண்களும் படங்களும் மட்டும் எஞ்சின. 1943இல் அமெரிக்காவில் பாம்பும் போய், பூங்காவில் குழந்தைகள் சறுக்கும் சறுக்குமரம் வந்தது.

தாயக்கட்ட வகையைச் சேர்ந்த 'பச்சிசி'யும் இதே வழியில் சென்றது. 1896இல் இங்கிலாந்தில் 'லூடோ' என்ற பெயரில் காப்புரிமை பெற்றது. 'நான் ஆடுகிறேன்' என்பது அந்த இலத்தீன் சொல்லின் பொருள். 2020இல் நோய்த்தொற்றின் காரணமாக வீட்டில் அடைபட்டிருந்த மாதங்களில் நம் நாட்டு மக்கள் கைப்பேசியில் ஓயாமல் ஆடியது எதை? லூடோவைத்தான். தாத்தா வீட்டுச் சொத்து இலத்தீன் பெயர் சூடிக்கொண்டு விருந்தாளியாகத் திரும்பி வந்தது.

சென்ற மார்கழியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆயாவின் பழைய பரமபதப் படம் செல்லரித்துப் போயிருந்தது. நான் செஞ்சிக் கடைத்தெருவில் புதிய அட்டை ஒன்று வாங்கிச் சென்றேன். பளபளவென்று நான்கு வண்ணம், ஒன்று முதல் நூறு வரை எண்கள், சிரிக்கும் பாம்புகள். ஆயாவுக்குக் கண் மங்கல். அட்டையை விரலால் தடவிக்கொண்டே, "எந்தப் பாம்புடா இது? படி" என்றார்.

"பேரு இல்ல ஆயா. 98ஆம் நம்பர்."

"பேரு இல்லாத பாம்பு கடிச்சா எதுக்குக் கடிச்சதுன்னு எப்படித் தெரியும்?"

எனக்கு விடை கிடைக்கவில்லை. ஜப்பானியரின் ஜிசோ அமெரிக்காவில்தான் பெயரிழந்தார். நம் பாம்போ நம் வீட்டிலேயே பெயரிழந்து கிடந்தது.

'வெண்பா' காட்டும் வழி

ஆயினும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. 2023இல் கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள 'விசை' என்னும் குழுவினர் 'வெண்பா' என்றொரு திரை விளையாட்டை வெளியிட்டனர். 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் இணையரும் அவர்கள் மகன் கவினும் இதன் மாந்தர்கள். இதில் சண்டை இல்லை, சமையலே விளையாட்டு. தாயார் தந்த சமையல் குறிப்பேடு சிதைந்திருக்கிறது. விடுபட்ட பகுதியை ஆடுபவர் ஊகித்து நிரப்ப வேண்டும். இட்லித் தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி நன்றாகப் பரவும், புட்டுக்குழலில் எது முதலில் போகும் என்று வெளிநாட்டவர் தலையைப் பிய்த்துக்கொண்டு ஆடினர்.

கவனியுங்கள்: இட்லியை 'அரிசிக் கேக்' என்று மாற்றவில்லை. மாந்தர் பெயரையும் சுருக்கவில்லை. தாய் தமிழில் பேச, மகன் ஆங்கிலத்தில் விடையளிப்பான். வளர்ந்தபின் தாயின் தமிழ்க் குறிப்பைப் படிக்க அவனே தடுமாறுகிறான். 'வெளிநாட்டார்க்கு விளங்குமா?' என்ற பழைய கேள்வி இங்கே 'நம் பிள்ளைக்கு விளங்குமா?' என்று திரும்பிவிடுகிறது. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதற்படைப்புக்கான விருது இதற்குக் கிடைத்தது. விளங்காது என்று அஞ்சி வெட்டாமல், விளங்கிக்கொள்ளட்டும் என்று விட்டதற்குக் கிடைத்த மதிப்பு அது எனலாம்.

முடிவுரை

கடல் கடக்கும் பண்பாடு மாறத்தான் செய்யும். மாறாமல் இருந்திருந்தால் சீயமங்கலத்துக்குச் சிங்கமே வந்திராது. தேசிங்கு பாட்டும் பிறந்திராது. ஆகவே மாற்றத்தைக் குறைகூறுவது என் கருத்தன்று. வெளியே எத்தனை வடிவம் எடுத்தாலும் வீட்டில் மூலம் இருக்க வேண்டும். ஜப்பானியரிடம் அது இருந்தது. ஆகவே வெட்டிய ஷோகியை மீட்டனர். நம்மிடம் எவ்வளவு இருக்கிறது என்பதை நாமே கணக்கெடுக்க வேண்டும்.

அந்த ஏகாதசி இரவில் நானும் தம்பியும் ஒரு வேலை செய்தோம். ஆயா சொல்லச் சொல்ல, அந்தப் புதிய அட்டையில் ஏணிகளுக்கும் பாம்புகளுக்கும் பேனாவால் பெயர் எழுதினோம். ஆயாவுக்கு நினைவில் இருந்த பாம்புகள் அட்டையில் இருந்த பாம்புகளைவிட மிகுதி. தம்பி கூடுதலாக நான்கு பாம்புகளை வரைந்தான். அதன்பின் மூவரும் ஆடினோம். பொறாமை கடித்துத் தம்பி மூன்று முறை கீழே வந்தான். ஒவ்வொரு முறையும் அப்பெயரை அவனே உரக்கப் படித்தான்.

விடுமுறையில் ஊருக்குச் செல்லும் மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டிலும் ஒரு பரமபதப் படமோ, பல்லாங்குழிப் பலகையோ, ஆடுபுலிக் கட்டத்தின் விதிகளை அறிந்த பெரியவரோ இருக்கக்கூடும். கட்டங்களின் பெயர்களைக் கேட்டு எழுதி வாருங்கள். நம் துறைப் பேராசிரியர்கள் ஒப்பினால், அவற்றைத் தொகுத்துக் கல்லூரி நூலகத்தில் ஓர் ஏடாக வைக்கலாம். நாளை இவ்விளையாட்டுகளை உலகத்துக்கேற்ப மாற்ற ஒருவர் வரும்போது, எதை மாற்றுகிறோம் என்பதாவது அவருக்குத் தெரிந்திருக்கும்.